தவக்காலத்தில் ஒரு மௌனத் தியானம்: சிறுமலை அடிவாரத் தியான இல்லம் பற்றிய மதிப்பீடு

உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கிவிட்டால் நம் கத்தோலிக்கப் பங்கு ஆலயங்களில் மூன்று நாள் மாலைத் தியானம் நடத்துவது வழக்கம். வெளியூரிலிருந்து ஓர் அருள்தந்தை வருவார். ஆறரை மணிக்குச் செபமாலை, ஏழு மணிக்குத் திருப்பலி, அதைத் தொடர்ந்து ஒலிபெருக்கியில் நீண்ட மறையுரை, கடைசி நாளில் குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் என்று எல்லாம் வகுத்துவைத்த வரிசையில் நடந்து முடியும். வேலை முடிந்து வந்து, அடுப்பைப் பற்றவைத்து, பிள்ளைகளின் தேர்வுக்கால அவசரத்துக்கு நடுவே ஓடிப்போய்க் கடைசி வரிசையில் உட்காருகிறவர்களுக்கு அந்த மூன்று மாலைகளிலும் கிடைப்பது பெரும்பாலும் நல்ல சொற்பொழிவு மட்டுமே. தன்னைத் தானே உற்றுப் பார்க்கும் அவகாசம் அதில் கிடைப்பதில்லை. அந்த அவகாசத்துக்காகவே வெளியூர் சென்று தங்கித் தியானம் செய்கிற வழக்கம் இப்போது குடும்பத்தினரிடையேயும் பரவி வருகிறது. அத்தகைய ஒரு தியானத்தைப் பற்றியதே இந்த மதிப்பீடு.

நான் சென்றது திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையின் அடிவாரத்தில் அருள்சகோதரிகள் நடத்தும் ஒரு சிறிய தியான இல்லம். 2026ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிற்றை ஒட்டி, வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதிய உணவுடன் தியானம் நிறைவுற்றது. தங்கும் அறை, உணவு, தியானத் தாள்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,500 ரூபாய் காணிக்கை கேட்டார்கள். இயலாதவர்கள் இயன்றதை உறையிலிட்டுத் தரலாம் என்றும், உறையின்மேல் பெயர் எழுத வேண்டாம் என்றும் முன்பதிவின்போதே சொல்லிவிட்டார்கள். இல்லத்தின் பெயரை இங்கே நான் குறிப்பிடவில்லை. சில குறைகளையும் எழுதப்போகிறேன் என்பதும், ஐந்தாறு சகோதரிகள் தங்கள் உழைப்பாலேயே அதை நடத்தி வருகிறார்கள் என்பதும் அதற்குக் காரணங்கள். என் கருத்தைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மௌனமும் தனிப்பட்ட ஆன்ம வழிகாட்டலும் மிகச் சிறப்பு, சனிக்கிழமை நிகழ்ச்சிநிரல் தேவைக்கு மேல் நிரம்பியிருந்தது, சமையலறை விஷயத்தில் இல்லத்தார் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது இருக்கிறது.

திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் போவதே எளிது. இவ்வாண்டு தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனும் ரமலான் நோன்பின் தொடக்கமும் ஏறத்தாழ ஒரே நாளில் வந்ததால், என்னை அழைத்துச் சென்ற ஆட்டோக்காரரும் நோன்பில்தான் இருந்தார். நோன்பு திறக்கும் நேரத்துக்குள் பள்ளிவாசலுக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காகக் கூடுதல் வாடகை தருவதாகச் சொன்ன வேறொரு சவாரியை வேண்டாம் என்று விட்டுவிட்டதாகவும், அதற்காக வருந்தவில்லை என்றும் சொன்னார். தண்ணீரும் அருந்தாமல் அந்த மார்ச் வெயிலில் வண்டி ஓட்டியவரின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, கத்தோலிக்கர்களுக்கு இன்றைய திருச்சபைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் ஒருசந்தி என்னும் நோன்பு விபூதிப் புதன், பெரிய வெள்ளி என்று இரண்டே நாட்கள்தாம் என்பதை நினைத்துக்கொண்டேன். அதுவும் 18 வயது நிறைந்தவர்களுக்கு, 60ஆம் வயது தொடங்கும் வரைக்கும்தான். ஒரு முழு உணவோடு இரண்டு சிற்றுணவும் கொள்ளலாம். 14 வயது நிறைந்த எல்லாருக்கும் வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்த்தல். சட்டம் இவ்வளவு தளர்வாக இருப்பதால் மற்ற நாட்களில் என்ன செய்வது என்பதை அவரவர் மனச்சாட்சியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. தியான இல்லங்களுக்கு இன்று தேவை கூடியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அறைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரும்புக் கட்டில், கொசுவலை, ஒரு மேசை, சுவரில் ஒரு சிலுவை. குளியலறை இரண்டு அறைகளுக்குப் பொது. எல்லாம் சுத்தமாக இருந்தன. முதியவர்களுக்குக் கீழ்த்தள அறைகளை ஒதுக்கியிருந்தார்கள். சிற்றாலயத்தில் தரையில் உட்கார இயலாதவர்களுக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நுழைவாயிலை ஒட்டிய சிறிய கடையில் செபமாலைகள், மெழுகுதிரிகள், சகோதரிகள் போட்ட எலுமிச்சை ஊறுகாய் ஆகியவை இருந்தன. ஊறுகாய் நன்றாக இருந்தது.

வந்து சேர்ந்த உடனேயே கைப்பேசிகளை வாங்கிக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றையும் ஊதா நிறத் துணிப்பையில் போட்டு, அறை எண் எழுதிய அட்டையைக் கட்டி, அலமாரியில் பூட்டிவிடுகிறார்கள். வீட்டில் அவசரம் என்றால் அழைப்பதற்கு இல்லத்தின் தொலைபேசி எண்ணைக் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே கொடுத்துவைக்கச் சொல்கிறார்கள். இது கண்டிப்பாக அல்லாமல் கனிவாகவே நடந்தது. வெள்ளி இரவு உணவுக்குப் பிறகு மௌனம் தொடங்கியது. அது ஞாயிறு திருப்பலி முடியும் வரை நீடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூடக் கையால் சுட்டிக்காட்ட வேண்டும். மௌனம் தொடங்கிய சில மணி நேரத்துக்கு மனம் இரைந்துகொண்டே இருக்கிறது. விட்டுவந்த வேலைகளும் பேசாமல் விட்ட பதில்களும் ஒவ்வொன்றாக மேலே வருகின்றன. சனிக்கிழமை முற்பகலில்தான் வெளியே இருக்கும் ஓசைகள் காதில் விழத் தொடங்கின. அது புளி உலுக்கும் காலம். இல்லத்தின் வேலிக்கு அப்பால் சாலையோர மரங்களின் கீழே பெண்கள் சாக்கை விரித்து உட்கார்ந்து, சிறு கட்டையால் புளியை உடைத்து ஓட்டையும் நாரையும் வேறாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே தாளத்தில் வந்த அந்தத் தட்டல் நாள் முழுவதும் கேட்டது. மௌனத்துக்கு இடையூறு என்று யாரும் அதை நினைக்கவில்லை.

இயேசு சபையைச் சேர்ந்த ஓர் அருள்தந்தை தியானத்தை நெறிப்படுத்தினார். அச்சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1522, 1523ஆம் ஆண்டுகளில் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது தம் அனுபவத்திலிருந்து குறித்துவைக்கத் தொடங்கி, 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த ஆன்மப் பயிற்சிகளே இத்தகைய தியானங்களுக்கெல்லாம் ஊற்று. முழுமையாகச் செய்தால் அவை ஏறத்தாழ ஒரு மாதம் பிடிக்கும். இரண்டு நாட்களுக்குள் அதன் சாரத்தைத் தர முயலும் எவரும் எதைக் குறைப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். இந்த அருள்தந்தை உரைகளைக் குறைத்திருந்தார். அரை மணி நேரம் பேசுவார். ஒரு தாளில் நற்செய்திப் பகுதியையும் இரண்டு கேள்விகளையும் அச்சிட்டுத் தருவார். அதன்பின் ஒரு மணி நேரம் அவரவர் இடத்தில் தனியாக உட்கார வேண்டும். நாளின் நடுவிலும் இரவிலும் கால் மணி நேரம் ஆன்ம சோதனை. அந்தக் கால் மணி நேரத்தில் பாவங்களை மட்டும் எண்ணிப் பார்க்காமல், அன்றைய நாளில் நன்றி சொல்லத் தக்கது எது என்பதிலிருந்து தொடங்கச் சொன்னார். இந்த ஒழுங்கு எனக்கு நிறைவாக இருந்தது.

முதன்மைப் பகுதியாக அவர் எடுத்துக்கொண்டது அந்த ஞாயிற்றின் நற்செய்தியே. ஞாயிறு வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் முதலாம் ஆண்டில், தவக்காலத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் சமாரியப் பெண், பிறவியிலேயே பார்வையற்றவர், லாசர் ஆகிய மூன்று பகுதிகளும் யோவான் நற்செய்தியிலிருந்து வாசிக்கப்படுகின்றன. உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய பாஸ்கா இரவில் திருமுழுக்குப் பெறவிருப்பவர்களை ஆயத்தப்படுத்துவதற்காகத் தொடக்கத் திருச்சபை முதல் பயன்படுத்தி வந்த பகுதிகள் இவை. திருமுழுக்கை நினைவுகூரச் செய்வதும் மனமாற்றத்துக்கு இட்டுச்செல்வதும் தவக்காலத்தின் இரு முகங்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு கூறுவதை அருள்தந்தை இங்கே எடுத்துக்காட்டினார். தவக்காலம் என்றாலே எதையாவது விட்டுவிடுவது என்று மட்டும் நினைத்து வளர்ந்த நமக்கு முதல் முகம் பெரும்பாலும் மறந்தே போய்விட்டது.

நண்பகலில் யாக்கோபின் கிணற்றுக்குத் தனியாகத் தண்ணீர் மொள்ள வந்த பெண், பேச்சின் முடிவில் தன் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் போகிறாள் என்ற வசனத்தில் அருள்தந்தை நெடுநேரம் நின்றார். குடத்தை விட்டது பழைய வாழ்வை விட்டதன் அடையாளம் என்று அவர் அழகாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்த வீட்டுக்கு அன்று மாலை தண்ணீர் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்ற யோசனை எனக்கு வராமல் இல்லை. குடத்தைச் சுமந்தவர்களுக்குத்தான் அது தோன்றும் போலிருக்கிறது.

இரண்டாவது உரைக்கு எசாயா நூலின் 58ஆம் அதிகாரம். விபூதிப் புதனை அடுத்து வரும் வெள்ளியிலும் சனியிலும் திருப்பலியில் வாசிக்கப்படும் பகுதி அது. நோன்பிருந்தும் ஆண்டவர் கண்டுகொள்ளவில்லையே என்று மக்கள் முறையிடுகிறார்கள். நோன்பு நாளிலும் நீங்கள் உங்கள் ஆதாயத்தையே தேடுகிறீர்கள், உங்கள் வேலையாள்களை ஒடுக்குகிறீர்கள் என்பது இறைவாக்கினர் வழியாக வருகிற பதில். பசித்தோருக்கு உணவைப் பகிர்வதும் தங்க இடமற்றோரை வீட்டுக்கு அழைப்பதுமே ஆண்டவர் விரும்பும் நோன்பு. தவக்காலத் தவம் உள்ளத்தளவிலும் தனிமனித அளவிலும் நின்றுவிடாமல் வெளிப்படையாகவும் சமூகத்தன்மையோடும் இருக்க வேண்டும் என்று அதே வத்திக்கான் ஏடு சொல்வதன் வேர் இங்கே இருக்கிறது. ஆன்மிக வளர்ச்சி என்ற பெயரில் தன் மன அமைதியை மட்டும் நாடி வருகிறவர்களுக்கு இந்த உரை ஒரு நல்ல குட்டு. ஆனால் கேள்வித் தாளில் இருந்தவை இரண்டும் மிகப் பொதுவான கேள்விகளாகவே இருந்தன. உன்னைச் சுற்றியுள்ள ஏழைகள் யார் என்று கேட்டால் யாரும் தொலைவில் இருப்பவர்களைத்தான் எழுதுவார்கள்.

கூர்மையான கேள்வி வேறிடத்தில் கிடைத்தது. இந்த இல்லத்தின் தனிச்சிறப்பு என்று நான் சொல்வது ஆன்ம வழிகாட்டலைத்தான். சனிக்கிழமை பகலில் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ இருபது நிமிடம் ஒதுக்கி, விரும்பியவர்கள் அருள்தந்தையுடனோ பயிற்சி பெற்ற இரண்டு சகோதரிகளில் ஒருவருடனோ தனியே பேசலாம் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். பெண்கள் பலரும், நான் உட்பட, சகோதரிகளையே தேர்ந்தெடுத்தோம். எனக்கு வாய்த்தவர் எழுபதைத் தாண்டியவர். தாழ்வாரத்தின் ஓரத்தில் இரண்டு பிரம்பு நாற்காலிகளில் எதிரெதிரே உட்கார்ந்தோம். இவ்வாண்டுத் தவக்காலத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை ஒருசந்தி, சிலுவைப்பாதை, இரவில் அரை மணி நேரம் விவிலியம் என்று நான் சொன்னவற்றையெல்லாம் தலையசைத்துக் கேட்டுவிட்டு, “உங்கள் வீட்டில் நோன்புச் சாப்பாட்டை யார் சமைக்கிறார்கள் அம்மா?” என்றார்.

“நான்தான் சிஸ்டர். மாமியாருக்கு நாற்பது நாளும் சைவம், என் கணவருக்கு வெள்ளி மட்டும், பிள்ளைகளுக்கு வழக்கம்போல. மூன்று விதமாகச் செய்ய வேண்டும்.”

“அப்படியென்றால் அவர்கள் நோன்பை நீங்கள் சுமக்கிறீர்கள். சுமக்கும்போது என்ன சொல்லிக்கொள்கிறீர்கள்?”

அதற்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அவரும் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. பெரும்பாலான வீடுகளில் ஆண்கள் விரதம் இருந்தால் பெண்களுக்கு வேலை கூடுகிறது, மாமியார் விரதம் இருந்தால் மருமகளுக்கு வேலை கூடுகிறது, துறவிகள் விரதம் இருந்தால்கூட யாரோ ஒருவருக்கு வேலை கூடத்தான் செய்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நோன்பினால் யாருக்குச் சிரமம் என்பதைக் கண்டுபிடித்து, அந்தச் சிரமத்தில் ஒரு பங்கை நோன்பிருப்பவரே எடுத்துக்கொண்டால்தான் அது நிறைவான நோன்பு என்பது அவருடைய கருத்து. நான் செய்ய வேண்டியதாக, சமைத்துப் போடுவதால் உள்ளே சேரும் மனக்கசப்பை மறைத்துவைத்துக்கொண்டு அதையே தவமாகக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்றும், வீட்டில் வாய்விட்டுப் பேசி வெள்ளிக்கிழமைக்கு எல்லாருக்கும் ஒரே சமையல் என்று முடிவு செய்யும்படியும் சொன்னார். செபத்தைக் கூட்டச் சொல்லவில்லை. நான் சொன்ன பட்டியலில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாமே என்றுகூடச் சொன்னார். ஐந்தாம் நூற்றாண்டில் இரவென்னா நகர ஆயராக இருந்த புனித பேதுரு கிறிசோலொகு, செபம், இரக்கம், நோன்பு ஆகிய மூன்றும் ஒன்றே, ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிக்கக் கூடாது என்று போதித்ததைப் பல தவக்கால மறையுரைகளில் கேட்டிருக்கிறேன். அது ஒரு சமையலறைக்குள் எப்படி நடக்கும் என்பதை அந்த இருபது நிமிடங்களில்தான் யாரோ ஒருவர் எனக்கு விளக்கினார்.

அந்தக் கேள்வியோடு எழுந்து வந்த பிறகு இல்லத்தின் உணவை நான் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கியதை இங்கே மறைக்கத் தேவையில்லை. வெள்ளி இரவு கஞ்சியும் தேங்காய்த் துவையலும் சுட்ட அப்பளமும் கொடுத்தார்கள். குமரி மாவட்டத்துப் பங்குகளில் பெரிய வெள்ளி வழிபாடு முடிந்ததும் எல்லாருக்கும் ஊற்றும் கஞ்சியை நினைவுபடுத்தும் சாப்பாடு. தவக்காலத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்று இல்லை. ஆனால் சனிக்கிழமை காலை இட்லி, பொங்கல், வடை, இரண்டு சட்னி, பத்தரைக்குச் சுக்குக் காப்பியுடன் சுண்டல், மதியம் சாம்பார், ரசம், இரண்டு பொரியல், கூட்டு, பாயசம், மாலை பஜ்ஜி, இரவு சப்பாத்தியும் குருமாவும். ருசியில் குறை சொல்ல வழியே இல்லை. குறிப்பாக ரசத்தில் அந்த ஊர்ப் புதுப்புளியின் மணம் தனியாகத் தெரிந்தது. எல்லாமே சைவம் என்பதால் விதி மீறப்படவும் இல்லை. இருந்தாலும் பசியே தெரியாமல் இரண்டு நாட்கள் கழிந்த ஒரு தவக்காலத் தியானம் எதை நினைவூட்டுகிறது என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த, தத்துவ போதகர் எனப்படும் இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி துறவிக் கோலம் பூண்டு, நாளுக்கு ஒருவேளை மரக்கறி உணவோடு வாழ்ந்த மறைப்பணித் தளம் இந்தப் பகுதி. நம் முன்னோர் நோன்பு என்று எதைக் கண்டார்கள் என்பதற்கு இந்த மண்ணிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது.

உணவின் அளவைவிட என்னை உறுத்தியது அதைச் சமைத்தவர்களின் நாள். பக்கத்து ஊர்களிலிருந்து வரும் மூன்று பெண்கள் சமையலறையில் வேலை செய்தார்கள். அதிகாலைத் தியானத்துக்காக நான் எழுந்து போனபோது அவர்கள் ஏற்கெனவே கிரைண்டரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். இரவு செபம் முடிந்து அறைக்குத் திரும்பும்போது பெரிய அண்டாக்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்ட தட்டுகளைத் தொட்டியில் போட்டுவிட்டு நாங்கள் மௌனமாக நடந்து போய்விட்டோம். மௌனம் காப்பவர்கள் தட்டுக் கழுவக் கூடாது என்று எந்த ஒழுங்கும் இல்லை. கழுவச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை, அவ்வளவுதான். அந்த மூவரும் கத்தோலிக்கர்கள். அருள்தந்தை எசாயாவைப் பற்றி ஆலயத்தில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார்கள். அந்த உரையை எல்லாரையும்விட அவர்களும் அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களும்தாம் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அவர்களுக்கு நியாயமான கூலி கிடைக்கிறது என்றும் ஞாயிறு மாலை வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்றும் சகோதரி ஒருவர் பின்னர் சொன்னார். அதை நான் ஐயப்படவில்லை. வந்தவர்களைப் பசியோடு அனுப்பக் கூடாது என்ற விருந்தோம்பல் மனம்தான் இதற்கெல்லாம் காரணம் என்பதும் புரிகிறது. ஆனால் தவக்காலத்தில் விருந்தோம்பலுக்கும் ஓர் அளவு வேண்டும்.

சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. பகல் முழுவதும் கட்டிக் காத்த மௌனம் எட்டு மணிக்குக் கலைந்தது. ஆராதனை என்ற பெயரில் கீபோர்டும் ஒலிபெருக்கியும் வந்தன. வெளியிலிருந்து வந்திருந்த ஒரு குழு கைகளை உயர்த்திப் பாடச் சொன்னது. பிறகு சாட்சியம் சொல்ல விரும்புவோர் முன்னால் வரலாம் என்று அழைத்தது. சிலர் அழுதார்கள். அந்த அழுகை உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை; அத்தகைய செபக்கூட்டங்களால் குடியை விட்டவர்களையும் குடும்பத்தோடு மீண்டும் சேர்ந்தவர்களையும் நான் அறிவேன். ஆனால் மௌனத் தியானம் என்று அழைத்து, மௌனம் பலன் தரத் தொடங்கிய இரவிலேயே அதைக் கலைப்பது முறையன்று. மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டிருப்பவரை அவசரமாக மேலே இழுத்து, கண்ணீரைக் கொண்டு அவருடைய வளர்ச்சியை அளப்பது இஞ்ஞாசியாரின் முறைக்கும் பொருந்தாது. அந்த ஒன்றரை மணி நேரத்தை நற்கருணை முன் அமைதியாக உட்காரவோ, விரைவாகப் படுக்கவோ விட்டிருக்கலாம். ஞாயிறு காலையில் பழைய அமைதிக்குத் திரும்ப எனக்கு மட்டுமல்ல, என் வரிசையில் உட்கார்ந்திருந்த பலருக்கும் நேரம் பிடித்தது.

பாவசங்கீர்த்தன ஏற்பாடும் இன்னும் சிறப்பாக இருந்திருக்கலாம். ஏறத்தாழ அறுபது பேருக்கு இரண்டே குருக்கள். சனி மாலை வரிசை நீண்டு தாழ்வாரத்தின் முனை வரை வந்துவிட்டது. பின்னால் நிற்பவர்களை நினைத்து முன்னால் இருப்பவர்கள் அவசரப்பட்டார்கள். அக்கம்பக்கத்துப் பங்குகளிலிருந்து இன்னும் இருவரை அழைத்திருந்தால் போதும். தவக்காலத்தில் குருக்களுக்கு எல்லா இடத்திலும் வேலை என்பது தெரிந்ததே.

சிலுவைப்பாதை ஞாயிறு விடியலில் நடந்தது. அது இந்த இல்லத்தில் தவறவிடக் கூடாத ஒன்று. கட்டடத்துக்குப் பின்னால் மேடான நிலத்தில், இயேசுவின் பாடுகளை நினைத்து நின்று செபிக்கும் 14 தலங்களையும் புளிய மரங்களுக்கும் வேம்புகளுக்கும் இடையே அமைத்திருக்கிறார்கள். ஆளுயரச் சிமெண்டுச் சிலுவை, அதில் தமிழில் பொறித்த தல எண், அடியில் முழந்தாளிட ஒரு கல், சிலைகள் இல்லை. தலங்களின் எண்ணிக்கையைத் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெந்து 1731இல் பதினான்கு என்று உறுதிப்படுத்தியதிலிருந்து உலகெங்கும் இந்த வரிசைதான். ஆனால் தமிழில் அதைச் சொல்லும்போது தலத்துக்குத் தலம் திரும்பவரும் “எங்கள்பேரில் தயவாயிரும் சுவாமீ” என்ற மன்றாட்டின் இழுவையில் ஒரு தனி உருக்கம் இருக்கிறது. பழைய நடை என்று அதை யாரும் மாற்றாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு தலத்திலும் நீண்ட விளக்கம் வாசிக்காமல் நற்செய்தியிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் வாசித்தார்கள். ஐந்தாம் தலத்தில், சிரேன் ஊர் சீமோன் சிலுவையைச் சுமக்கும்படி பிடித்து இழுக்கப்பட்டவர், தானாக முன்வந்தவர் அல்லர் என்ற குறிப்பு மட்டும் சேர்ந்திருந்தது. எனக்கு வழிகாட்டிய சகோதரியே அதை எழுதியிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன்.

தியானம் முடியும்போது ஆளுக்கு ஒரு சிறு அட்டை தருகிறார்கள். அதில் ஒரே ஒரு தீர்மானத்தை எழுதி, விவிலியத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை, வாசிக்கச் சொல்வதும் இல்லை. நோன்பிருப்பது மற்றவர்களுக்குத் தெரியாதபடி தலைக்கு எண்ணெய் தேய்த்து முகம் கழுவிக்கொள் என்று விபூதிப் புதன் நற்செய்தி சொல்வதற்கு இது இசைவானது. கூடவே ஓர் உறையும் உண்டு. நோன்பினால் மிச்சப்படும் பணத்தை அதில் சேர்த்து உயிர்ப்பு ஞாயிற்றுக்குள் அருகிலுள்ள ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு நேரில் கொடுக்கச் சொல்கிறார்கள். இல்லத்துக்கு அனுப்பச் சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது. அதன் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே சமையல்தான். மகன் முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மாமியார் இரண்டாம் வாரம் முதல் தாமாகவே வந்து காய் நறுக்கிக் கொடுக்கிறார். அதிகம் பேச்சில்லை, ஆனால் சமையல் சீக்கிரம் முடிகிறது.

முதல் முறையாகத் தங்கும் தியானத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு இந்த இல்லத்தைத் தயக்கமில்லாமல் பரிந்துரைப்பேன். மறையுரைகளை நிறையக் கேட்க வேண்டும், பாட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். கணவனும் மனைவியும் சேர்ந்து வருவதாக இருந்தால் தனித்தனி அறைகளில்தான் தங்க வேண்டியிருக்கும். கைக்குழந்தையுடன் வருவதற்கு வசதி இல்லை. தவக்காலத்தின் தொடக்க வாரங்களிலேயே போய்வருவது நல்லது. குருத்து ஞாயிற்றை ஒட்டி வரும் கடைசி அணியில் கூட்டம் மிகுவதால் ஆன்ம வழிகாட்டலுக்கான நேரம் பாதியாகிவிடும் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். விடியற்காலைச் சிலுவைப்பாதைக்கு ஒரு டார்ச் விளக்கும், இரவு மலைக்காற்றுக்கு மெல்லிய போர்வையும் கொண்டுபோக வேண்டும்.

கருத்துத் தாளில் மூன்றைக் கேட்டிருந்தேன்: சனிக்கிழமை ஒரு வேளையாவது கஞ்சி மட்டும் கொடுத்துச் சமையலறைப் பெண்களை ஆலயத்துக்கு அழைக்க வேண்டும்; தட்டுகளை நாங்களே கழுவிவைக்க விட வேண்டும்; சனி இரவு கீபோர்டு வேண்டாம். பத்து நாட்களுக்குள் பொறுப்புச் சகோதரியிடமிருந்து வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. அடுத்த அணிக்குச் சனி மதியம் கஞ்சியும் பயறும் என்று முடிவாகிவிட்டது, தட்டுக் கழுவத் தாழ்வாரத்தில் மூன்று குழாய்கள் போட்டாயிற்று, சமையலறையில் இருக்கும் மூவரும் பிற்பகல் உரைக்கு வந்தார்கள் என்று எழுதியிருந்தார். கீபோர்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.